யாருக்கு வெளியே?

(மாதனூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நகரத்துக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கு ஆங்கிலம் சில பெயர்களை வைத்திருக்கிறது. சபர்ப், வில்லேஜ், ஹாம்லெட், மொபசல், பெட்டா, காலனி. இந்தச் சொற்கள் எங்கே பிறந்தன, எந்தக் கையில் வளர்ந்தன, நம் தெருப்பலகையிலும் பத்திரத்திலும் எப்படி ஏறி உட்கார்ந்தன? இதுதான் இன்றைய பேச்சு. மாதனூரில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று யாராவது கேட்கக்கூடும். இந்த ஆராய்ச்சிக்கு மாதனூரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்பேன். ஏன்? சென்னைக்காரருக்கு இது வெளியூர். பெங்களூர்க்காரருக்கும் வெளியூர். வேலூரில் கேட்டால் ஆம்பூர்ப் பக்கம் என்பார்கள். ஆம்பூரில் கேட்டால் வேலூர் போகிற வழி என்பார்கள். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மாதனூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. அன்றைக்கு இங்கே ஒரு செங்கல்லாவது இடம் மாறியதா? பாலாறு ஒரு முழம் தள்ளிப் படுத்ததா? ஒன்றும் நகரவில்லை. எந்த ஊருக்கு வெளியே என்பது மட்டும் மாறியது. இதே மாதனூர்தான் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு வரவேண்டிய 'பெரிய ஆபீஸ்' இங்கேதான் இருக்கிறது. அவர்கள் கணக்கில் மாதனூர் உள்ளே, தாங்கள் வெளியே. ஆகவே நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊருக்கான சொல், பெரும்பாலும் அங்கே நடந்த வேலையிலிருந்து பிறக்கிறது. அந்தச் சொல் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதை அந்த ஊரில் குடியிராதவர், வேறோர் இடத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். 'வெளியே' என்ற சொல்லைக் கேட்டால் அந்த ஊரைத் தேடாதீர்கள்; சொன்னவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுங்கள்.

முதலில் ஆங்கிலத்தின் வீட்டுக்குள்ளேயே போவோம். டவுன் என்கிறோமே, அதன் பழைய வடிவம் தூன். அதற்குப் பொருள் வேலி, வேலி போட்டு அடைத்த இடம். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான சவுன் இன்றும் வேலியைத்தான் குறிக்கிறது. நம் பட்டி முதலில் ஆடுமாடு அடைக்கும் இடம். பிறகு ஊர்ப்பெயரின் வால். இரண்டும் வேலியில் பிறந்தவை. ஒன்று டவுன் ஆகி உயர்ந்தது. மற்றது பட்டிக்காடு ஆகித் தாழ்ந்தது. இதில் வேலியின் குற்றம் என்ன? அடுத்தது ஹாம்லெட். ஹாம் என்றால் வீடு, குடியிருப்பு. பர்மிங்ஹாம் என்ற பெயரின் கடைசியில் நிற்பதும் அதுதான். அதன் ஜெர்மானிய உடன்பிறப்பு பிரெஞ்சுக்குப் போய், சிறுமை விகுதி ஒன்று சேர்ந்து, அதன்மேல் இன்னொன்றும் சேர்ந்து, ஹாம்லெட் என்று ஆங்கிலத்துக்கு வந்தது. அதில் இழிவு இல்லை, கொஞ்சல்தான் இருக்கிறது. நம் அரசாங்கத் தமிழ் அதை எப்படி மொழிபெயர்த்தது தெரியுமா? குக்கிராமம். வடமொழியில் 'கு' என்ற முன்னொட்டுக்கு இழிந்த, மோசமான என்று பொருள். அரச அலுவலரும் மருத்துவரும் ஆறும் இல்லாத ஊர் என்று குக்கிராமத்துக்கு வடமொழி அகராதியில் விளக்கமே உண்டு. ஆங்கிலேயர் கொஞ்சிய பெயரை நாம் வசவாக்கி, அதற்கு நலத்திட்டமும் ஒதுக்கியிருக்கிறோம்.

வில்லேஜ் கதை இன்னும் சுவையானது. வில்லா என்பது லத்தீன் சொல். பணக்கார ரோமானியரின் பண்ணைவீடு. அடிமைகள் உழைக்க, எஜமானர் வந்து இளைப்பாறும் மாளிகை. அந்தப் பண்ணைவீட்டைச் சுற்றி இருந்த குடியிருப்பு வில்லேஜ் ஆயிற்று. நன்றாகக் கவனியுங்கள்: ஊருக்குப் பெயர் வந்தது குடியிருந்தவர்களிடமிருந்து அன்று, பண்ணையாரின் வீட்டிலிருந்து. அந்தப் பண்ணை நிலத்தோடு கட்டுண்டு கிடந்த உழவனுக்கு வில்லெய்ன் என்று பெயர். அந்த உழவன் பெயர் சில நூற்றாண்டுகளில் என்ன ஆயிற்று? நம் சினிமா ரசிகர்கள் எல்லாரும் அறிந்த வில்லன் ஆயிற்று! கோட்டையில் இருந்தவர்கள் உழவனைப் பார்த்துப் பார்த்து, நாகரிகம் அற்றவன், கெட்டவன், கொடியவன் என்று அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு படியாக இழிவு ஏற்றினார்கள். உழவன் கெட்டுப்போனதற்கு ஏதாவது சான்று உண்டா? இல்லை. எழுதத் தெரிந்தவன் அவனைப் பற்றி எழுதினான் என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. கதாநாயகனின் பண்ணைவீடு இன்றும் வில்லா என்ற பெயரில் கோடிக்கணக்கில் விலைபோகிறது. அதே வேரில் பிறந்த உழவன், படம் முடியும்வரை அடிவாங்குகிறான்.

இனி சபர்ப். இங்கேதான் நம் தோல் தொழிலும் கதைக்குள் வருகிறது. அர்ப்ஸ் என்றால் நகரம். சப் என்றால் கீழே, அடியில், அருகில். மதிலுக்கு அடியில் இருந்த குடியிருப்பு சபர்ப். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர், சபர்பைத் திருடர்கள் பதுங்கும் இடமாகக் காட்டுகிறார். ஷேக்ஸ்பியர் காலத்திலும் அப்படித்தான். அவருடைய குளோப் நாடக அரங்கம் 1599இல் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், லண்டன் நகரவையின் அதிகாரம் எட்டாத பகுதியில்தான் எழுந்தது. நாடகக் கொட்டகை, கரடிச்சண்டை, விலைமகளிர் விடுதி எல்லாம் அந்தக் கரையில். அவற்றுக்குப் பக்கத்தில் வேறென்ன இருந்தது? பெர்மண்ட்சி. ஆம், லண்டனின் தோல் பதனிடும் பேட்டை. கால்வாய்த் தண்ணீர் அங்கே இருந்தது, ஓக் மரப்பட்டை அருகில் கிடைத்தது, மாட்டுத்தோல் நகரத்து இறைச்சிக் கடைகளிலிருந்து வந்தது. நகரத்துக்குப் பூட்ஸ் வேண்டும், சேணம் வேண்டும், புத்தகத்துக்கு அட்டை வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியின் வாடை மட்டும் வேண்டாம். ஆகவே தொட்டி வெளியே. 1833இல் அங்கே தோல் சந்தைக்கென்றே கட்டடம் கட்டினார்கள். இன்றும் டேனர் தெரு, லெதர்மார்க்கெட் தெரு, மொராக்கோ தெரு என்று அந்தப் பகுதியில் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. தொட்டிகள் போய்விட்டன, பழைய கிடங்குகள் விலையுயர்ந்த அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. திருடர் பதுங்கிய சபர்ப், 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் நடுத்தரக் குடும்பங்களின் ஆசையாயிற்று. அமெரிக்காவில் சபர்ப் என்றால் புல்வெளியும் இரண்டு காரும். பாரீஸில் நகருக்கு வெளியே இருப்பதற்குப் பெயர் பான்லியூ. அங்கே அது ஏழைகளின், குடியேறிகளின் இடம். மதிலுக்கு வெளியே என்ற ஒரே நிலை. மூன்று நாட்டில் மூன்று மதிப்பு. அப்படியானால் மதிப்பு நிலத்தில் இருக்கிறதா, குடியிருப்பவரின் பணப்பையில் இருக்கிறதா?

அந்தப் பெர்மண்ட்சிக்கும் இந்தப் பாலாற்றங்கரைக்கும் வெறும் ஒப்புமை மட்டும் இல்லை, கொள்வினை கொடுப்பினையே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் கப்பலேறிப் போனது லண்டன் சந்தைக்குத்தான். நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு கரை, இன்னொரு வெளிக்கரைக்குச் சரக்கு அனுப்பியது. நடுவில் இருந்த நகரங்கள் பெயரையும் தரகையும் எடுத்துக்கொண்டன. 1973க்குப் பிறகு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. முழுப் பதம் செய்த தோலும் ஷூவும் இங்கேயே உருவாகத் தொடங்கின. இன்று விடியற்காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்களைப் பாருங்கள். வில்லேஜ் என்று தாளில் எழுதப்பட்ட ஊர்களிலிருந்து கிளம்பி, நாள் முழுக்க மேல்தோல் தைத்து, ஐரோப்பிய நகரத்தின் கடைக்கண்ணாடிக்குள் போய் நிற்கும் ஜோடியைச் செய்துவிட்டு வருகிறார்கள். இதில் எது உள்ளே, எது வெளியே?

ஆங்கிலம் நமக்குச் சொல் கொடுத்ததை இதுவரை பார்த்தோம். நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல் ஒன்று உண்டு. அதுதான் பேட்டை. யூல், பர்னல் என்ற இருவர் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் பெட்டா என்று அது ஏறியிருக்கிறது. கோட்டைக்கு வெளியே, அதை ஒட்டி வளர்ந்த ஊர் என்பது அங்கே அதன் பொருள். 1791இல் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை பெங்களூரைத் தாக்கியபோது முதலில் பெட்டா விழுந்தது, பிறகு கோட்டை விழுந்தது என்று ஆங்கில வரலாறுகள் எழுதும். கொழும்பில் இன்றும் கோட்டைக்கு அடுத்த கடைத்தெருப் பகுதி ஆங்கிலத்தில் பெட்டா, தமிழில் புறக்கோட்டை. கோட்டைக்குள் இருந்த சிப்பாயின் கண்ணில் பேட்டை வெளியே இருந்தது. பேட்டைக்காரன் கண்ணில்? அவனுக்கு அது கடையும் பட்டறையும் தறியும் இருக்கும் இடம். சரக்கு வந்து இறங்கும் இடம். கோட்டை அவனிடம் வரி வாங்கும் இடம்.

நம் வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த கருங்கல் கோட்டை, சுற்றிலும் அகழி, 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் வெள்ளையரை எதிர்த்து எழுந்த இடம். அன்று அதிகாரம் முழுதும் உள்ளே இருந்தது. வெளியே என்ன இருந்தன? கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, சலவன்பேட்டை, தோட்டப்பாளையம், வேலப்பாடி, காகிதப்பட்டறை. பெயரைச் சொன்னாலே தொழில் கேட்கிறது: சட்டி வனைந்தவர் தெரு, காகிதம் செய்தவர் தெரு. இன்று கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது, அரசு அலுவலகங்கள் இருக்கின்றன, அகழிக்கரையில் காற்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஊர் என்று சொல்லத்தக்க குடியிருப்பு அங்கே இல்லை. வேலூர் மாநகரம் என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அந்தப் பேட்டைகளும் பாளையமும் பாடியும்தான். வெளியே இருந்தது ஊராயிற்று. உள்ளே இருந்தது காட்சிப்பொருளாயிற்று. வாலாஜாபேட்டையும் ராணிப்பேட்டையும் ஜோலார்பேட்டையும் பேட்டை என்றே எழுந்த பெயர்கள்தாம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி எங்கே போய் நின்றது? வாலாஜா ரோட்டில். ரயில் கம்பெனிக்காரனுக்குக் கோட்டைப் பெருமை வேண்டியிருக்கவில்லை, சரக்கு வேண்டியிருந்தது.

அடுத்து மொபசல். இந்தச் சொல்லை ஆங்கிலம் என்று நினைப்பவர் உண்டு. அது அரபுச் சொல். முஃபஸ்ஸல் என்றால் பிரிக்கப்பட்டது, தனித்தனியாக விரித்துச் சொல்லப்பட்டது. பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் நாவில் ஏறி, ஆங்கில அகராதிக்குள் போனது. அதற்கு எதிர்ச்சொல் சதர். சதர் என்றால் மார்பு, முன்பக்கம், தலைமை இடம். 1772இல் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் நீதிமன்றங்களை அமைத்தபோது கல்கத்தாவில் இருந்தது சதர் அதாலத். மாவட்டங்களில் இருந்தவை மொபசல் அதாலத்துகள். கல்கத்தா மார்பு, மற்றதெல்லாம் பிரித்துப் போட்ட மிச்சம். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு வங்காள நாடு முழுவதும் மிச்சம்! இந்த அரபு வேர் நம்மோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் காண அரேபியா போகவேண்டாம். நம் கிராம நிர்வாக அலுவலர் மேசைக்குப் போனால் போதும். கிரயப் பத்திரத்தின் அடியில் 'சொத்து தபசில்' என்று எழுதி நான்கு எல்லையைச் சொல்கிறோமே, அந்தத் தபசில் இதே வேர். ஜூலை முதல் தேதி பிறக்கும் வருவாய்த்துறை ஆண்டுக்குப் பசலி என்கிறோமே, அதுவும் இதே வேர். பருவம் பருவமாகப் பிரித்தது. பசலி காலத்தைப் பிரிக்கிறது, தபசில் நிலத்தைப் பிரிக்கிறது, மொபசல் மனிதரைப் பிரிக்கிறது. மூன்றும் வரி வசூலிப்பவனின் சொற்கள். 2002இல் சென்னை கோயம்பேட்டில் பெரிய பேருந்து முனையம் திறந்தபோது அதன் ஆங்கிலப் பெயரில் மொபசல் என்றே வைத்தார்கள். தமிழில் புறநகர்ப் பேருந்து நிலையம் என்றார்கள். நாகர்கோவிலும் தென்காசியும் சென்னையின் புறநகர் ஆன அதிசயம் அப்படித்தான் நடந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. 'சொல்லின் வேர் வேறு, இன்றைய பொருள் வேறு. வில்லேஜ் என்று சொல்பவர் யாரும் ரோமானியப் பண்ணைவீட்டை நினைப்பதில்லை. மொபசல் பஸ்ஸில் ஏறுபவர் கல்கத்தா நீதிமன்றத்தை நினைப்பதில்லை. செத்துப்போன வேரைத் தோண்டி என்ன பயன்?' பாதி உண்மை. வேரை வைத்துப் பொருளைத் தீர்மானிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வாதமே அதுதான். வேர் வேலையைச் சொல்கிறது, பிற்காலப் பொருள் ஆதிக்கத்தைச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடுவில் யார் கை வைத்தார்கள் என்பது தெரியும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது. 'எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டாதீர்கள். வெளியே தள்ளுவது தமிழனுக்குத் தெரியாத வித்தையா?' தெரியும். நன்றாகவே தெரியும். மேடைத் தமிழ் இந்த இடத்தில் வழக்கமாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விடும். நாம் போகவேண்டாம். சேரி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சேர்ந்து வாழும் இடம் சேரி. சிலப்பதிகார மதுரைக் காண்டத்தில் ஒரு காதையின் பெயரே புறஞ்சேரி இறுத்த காதை. மதுரை மதிலுக்கு வெளியே அறவோர் வாழ்ந்த இடம் அது. கோவலனும் கண்ணகியும் முதலில் தங்கியது அங்கே. பிறகு அடைக்கலம் பெற்றது இடையர் குடியிருப்பில், மாதரியிடம். வெளியே அவர்களுக்குத் தங்க இடம் கிடைத்தது. உள்ளே போனபோது கொலை நடந்தது. சோழர் கல்வெட்டுகளில் பார்ப்பனர் ஊர்களின் பகுதிகளுக்கே சேரி என்று பெயர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் பணிசெய்த நானூறு பெண்களுக்கு ராஜராஜன் கொடுத்த குடியிருப்பு தளிச்சேரி. அதுவரை சொல்லில் மாசு இல்லை. ஆனால் அதே ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில், கம்மாணச்சேரி வருகிறது, பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி என்றும் வருகிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அது. ஆங்கிலேயன் கப்பலேற இன்னும் ஆறு நூற்றாண்டு இருந்தது. ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாக வெட்டியது நாம். லண்டன்காரன் தோல் தொட்டியை வெளியே வைத்தது வாடைக்காக, அதிகார எல்லைக்காக. நாம் செத்த மாட்டை எடுத்தவரையும் தோலை உரித்தவரையும் வெளியே வைத்தது பிறப்பைச் சொல்லி. தொட்டியை விட்டு வெளியேறிய பெர்மண்ட்சிக்காரன் மகன் நகரத்துக்குள் போய்க் கலந்துவிடலாம். இங்கே ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராகிச் சட்டை மாற்றிக்கொண்டாலும் 'எந்தத் தெரு?' என்ற கேள்வி விடுவதில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு சாலைதான் இருக்கும். அரை நிமிட நடை. அந்தச் சாலையைத் தாண்டும்போது இன்றும் மக்கள் 'ஊருக்குள்ளே போறேன்' என்கிறார்கள். வருவாய்க் கணக்கில் இரண்டும் ஒரே கிராமம். பேச்சில் ஒன்று ஊர், மற்றது ஊருக்கு வெளியே.

சேரி வசவாகிவிட்டது என்று அரசு வேறு பெயர் வைத்தது: காலனி. காலனி எங்கிருந்து வந்தது? லத்தீனில் கொலோனுஸ் என்றால் உழவன். கொலோனியா என்றால் குடியேறி உழும் இடம், ஓய்வுபெற்ற ரோமானியப் படைவீரருக்குக் கொடுத்த ஊர். ஜெர்மனியின் பெருநகரமான கோல்ன் தன் பெயரை அதிலிருந்துதான் பெற்றது. சென்னையில் ஆபீசர்ஸ் காலனி உண்டு, டாக்டர்ஸ் காலனி உண்டு. வீட்டுவாடகை கேட்டாலே தலை சுற்றும். அதே சொல் நம் ஊர்களில் தலித் மக்களின் குடியிருப்பு என்ற ஒரே பொருளுக்குச் சுருங்கியது; 'காலனிக்காரன்' என்ற குத்தலாகவும் ஆயிற்று. 2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கவேண்டிய அறிவிப்பு. ஆனால் சேரியை எடுத்துக் காலனி வைத்தபோது என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டு வரவேற்கக்கூடாது. சொல்தான் மாறியது; தண்ணீர்க் குழாயின் வரிசை மாறவில்லை, சுடுகாட்டுப் பாதை மாறவில்லை. பழைய இழிவு புதிய சொல்லின் முதுகில் ஏறிக்கொண்டது. இன்னொரு நல்ல பெயர் வைத்தாலும், பாதை மாறாவிட்டால், இருபது வருடத்தில் அதையும் எடுக்கவேண்டி வரும்.

'பெயரில் என்ன இருக்கிறது, காசுதானே முக்கியம்' என்பவருக்கும் ஒரு பதில் உண்டு. காசே பெயரில்தான் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்சஸ் டவுன் என்று ஒரு வகை உண்டு. ஐயாயிரம் பேருக்குக் குறையாமல் இருக்கவேண்டும், உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்கவேண்டும், சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேராவது வாழவேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் அது கணக்கில் டவுன், ஆளுகையில் ஊராட்சிதான். 2001இல் நாடு முழுவதும் இப்படி 1,362 இடங்கள் இருந்தன. 2011இல் 3,894 ஆயின. பத்தே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல்! கணக்கெடுப்பு இவற்றை நகரம் என்று எண்ணுகிறது. சாக்கடைக்கும் குப்பைக்கும் பணம் கேட்டால் கிராமம் என்ற அளவுகோல் வருகிறது. தொழிற்சாலை நெருங்கிய இந்தத் தோல் வட்டாரத்துக்கு அந்தக் குழப்பம் புதிதா? வாடையும் கழிவும் நகரத்து அளவில். வசதி கிராமத்து அளவில். கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய், 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. சட்டக் கல்லூரி மாணவர்கள் அதை வேலூர் வழக்கு என்றே படிக்கிறார்கள். தலைநகரத்துச் சட்டத்துக்கே பாடம் எழுதிக்கொடுத்தது ஒரு மொபசல்!

இதில் ஒரு சிக்கலையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் ஊரை நகராட்சியோடு சேர்க்காதீர்கள் என்று ஊர் மக்களே போராடுவதைச் செய்திகளில் பார்க்கிறோம். அவர்கள் பட்டிக்காட்டுப் பெயரை விரும்புகிறார்களா? இல்லை. நூறு நாள் வேலை ஊராட்சிப் பகுதிக்கென்று வந்தது. வீட்டுவரி நகராட்சியில் கூடும். நகரம் என்ற மரியாதையைவிட அடுப்பில் உலை கொதிப்பது பெரிது என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு சரியானது. வெளியே என்று எழுதப்பட்டவர்கள் அந்தச் சொல்லை வைத்தே தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள். அவர்களுக்குச் சொல்லின் மானத்தைப் பற்றி நகரத்திலிருந்து யாரும் போதிக்கவேண்டியதில்லை.

கடைசியாக எழுத்துக்கூட்டல். நம் பக்கத்துத் துத்திப்பட்டு, தோல் நிறுவன முகவரிகளில் ஆங்கிலத்தில் துத்திபெட் என்று போகிறது. பட்டு வேறு, பேட்டை வேறு. பட்டு என்பது பற்று என்பதன் திரிபு, ஒருவர் கைப்பற்றாக இருந்த நிலம் என்று அறிஞர் சொல்வர். பேட்டையோ தொழிலும் சந்தையும் கூடும் இடம். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே பெட் ஆகிவிட்டால், நிலத்தின் கதை எது, சந்தையின் கதை எது என்று நாளைய மாணவன் எதை வைத்துப் பிரிப்பான்? 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் வேலூருக்கு அந்தப் பட்டியல் இரண்டு 'ஈ' போட்டு வீலூர் என்று படிக்கும்படி எழுதியது. சிரிப்பு அடங்குவதற்குள், சில நாட்களில், ஆணை திரும்பப் பெறப்பட்டது. சென்னையில் உட்கார்ந்து ஆயிரம் ஊருக்குப் பெயர் எழுதினால் அப்படித்தான் முடியும்; வேலூர்க்காரர் ஒருவரைக் கேட்டிருந்தால் நிமிடத்தில் திருத்தியிருப்பார்.

மறுபடியும் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2027 மார்ச் 1 அதற்குரிய குறிப்பு நாள். கணக்கெடுப்பாளர் வருவார், பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவே இருப்பார். அவர் உங்கள் குடியிருப்பின் பெயரை எழுதுகிறபோது பக்கத்தில் நில்லுங்கள். எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்களோ அதைச் சொல்லுங்கள். காலனி வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய பாடியோ பட்டியோ போதுமென்றால் அதைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் வாங்கி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். துத்திப்பட்டு, துத்திப்பட்டு என்றே போகட்டும்.